பயாப்சி ரிப்போர்ட்டில் இத்தனை எண்கள்: கீமோ வேண்டுமா வேண்டாமா என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

#1 வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். என் பெரிய அக்காவுக்கு வயது 56. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். ரிப்போர்ட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

கட்டி 2.3 செ.மீ. கிரேடு 2 (3+2+1 = 6). அக்குளில் எடுத்த 3 நிணநீர்க் கணுக்களிலும் நோய் இல்லை. ஈஆர் 90 சதவீதம் பாசிட்டிவ், பிஆர் 40 சதவீதம் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் (1+). கேஐ-67: 22 சதவீதம்.

"இது நடுவில் நிற்கும் கேஸ். கீமோ கொடுக்கலாம், கொடுக்காமல் மாத்திரையோடும் நிறுத்தலாம். 21 மரபணு டெஸ்ட் எடுத்தால் தெளிவாகும்" என்று டாக்டர் சொன்னார். திசுவை அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டுமாம், செலவு லட்சங்களில் வருகிறது. வீட்டில் ஆளுக்கு ஒரு பேச்சு. அத்தான் கேட்பது ஒன்றுதான்: "உயிருக்கு எவ்வளவு கியாரண்டி?"

இந்த எண்களில் எதை நம்பலாம், எது எதைச் சொல்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். கசாயம், மூலிகை வேண்டாம், தயவுசெய்து.

#2 ஹெமட்டாக்சிலின் (நோயியல் மருத்துவர், கோவை)

ரிப்போர்ட்டை முழுதாக எழுதியது நல்லது. "கிரேடு 2, பயப்படலாமா" என்று ஒரே வரியில் கேட்பவர்கள்தான் அதிகம்.

நோய் எவ்வளவு பெரிது, எங்கே வரை போயிருக்கிறது என்பது ஸ்டேஜ். அக்காவின் கட்டி 2 செ.மீ.யைத் தாண்டியதால் டி2, கணுக்கள் சுத்தமாக இருப்பதால் என்0. கிரேடு வேறு. செல்கள் பார்வைக்கு எவ்வளவு முரடாக இருக்கின்றன என்பதைச் சொல்வது அது. 1957இல் புளூம், ரிச்சர்ட்சன் இருவரும் வகுத்த முறையை 1991இல் நாட்டிங்ஹாமில் எல்ஸ்டனும் எல்லிஸும் செம்மைப்படுத்தினார்கள். இன்றும் உலகம் முழுவதும் அதுதான். செல்கள் குழாய் குழாயாக அடுக்கப்பட்டிருக்கின்றனவா, உட்கருக்கள் எவ்வளவு ஒழுங்கில்லாமல் இருக்கின்றன, பிளந்துகொண்டிருக்கும் செல்கள் எத்தனை என்று மூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 3 முதல் 5 வரை கிரேடு 1, 6 அல்லது 7 என்றால் கிரேடு 2, 8 அல்லது 9 என்றால் கிரேடு 3. அக்கா 6. கிரேடு 2இன் கீழ்ப்படியில் நிற்கிறார். ஈஆர், பிஆர் பாசிட்டிவ் என்றால் கட்டி பெண் ஹார்மோனை நம்பி வளர்கிறது என்று பொருள், டாக்டர் சொன்ன மாத்திரை அந்த ஹார்மோனைத் தடுப்பதற்கு. ஹெர்-2 நோயை வேகப்படுத்தும் இன்னொரு புரதம், அக்காவுக்கு அது அதிகமாக இல்லை.

இங்கே ஒன்று உறுத்துகிறது. உங்கள் 3+2+1இல் கடைசி 1, செல் பிளவுக்கான மதிப்பெண். அதாவது பிளந்துகொண்டிருக்கும் செல்கள் குறைவு. ஆனால் கேஐ-67 22 சதவீதம் என்கிறது. அது செல் சுழற்சியில் இறங்கிய எல்லாச் செல்களிலும் இருக்கும் புரதம், ஓய்வில் இருக்கும் செல்லில் இருக்காது. பிளவு குறைவு என்றால் கேஐ-67உம் பெரும்பாலும் குறைவாக இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாமல் இருப்பது உலகத்தில் நடக்காத விஷயம் இல்லை. ஆனாலும் பணம் கட்டுவதற்கு முன் அந்த ஸ்லைடை இன்னொருவர் பார்ப்பது நல்லது.

ஸ்லைடைப் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொன்னால் அது ஜோசியம்.

#3 மைக்ரோடோம்_மாமா (ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன், திருச்சி)

டாக்டர் ஸ்லைடில் இருந்து ஆரம்பித்தார். நான் அதற்கு முன்னாலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் பாதி வம்பு அங்கேதான் பிறக்கிறது.

கட்டியை உடம்பிலிருந்து எடுத்த நிமிடத்திலிருந்து ரத்த ஓட்டம் இல்லை, திசு கெடத் தொடங்குகிறது. ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். 10 சதவீத பஃபர்டு ஃபார்மலின், திசுவைப்போல் பத்து மடங்காவது. போட்டால் மட்டும் போதாது. ஃபார்மலின் உள்ளே இறங்குவது மணிக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குதான். முழு மார்பகத்தை அப்படியே டப்பாவில் முக்கி வைத்தால் வெளியே வெந்திருக்கும், நடுவில் பச்சையாக இருக்கும், அவசரத்தில் போட்ட போண்டா மாதிரி. ஐந்து மில்லிமீட்டர் துண்டுகளாகக் கீறிவிட வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேல் போகாமல் ஊற வேண்டும். ஈஆர், பிஆர், ஹெர்-2 பார்க்க அமெரிக்க வழிகாட்டுதலில் இருக்கும் கணக்கு இதுதான்.

நடைமுறை என்ன? சனிக்கிழமை சாயங்காலம் ஆபரேஷன். ஊரில் லேப் கிடையாது. சலைனில் போட்டு, பிளாஸ்டிக் கவரில் கட்டி, அட்டெண்டர் கையில் பஸ்ஸில் வரும். அப்படி வந்தவற்றை என் சர்வீஸில் நிறையவே பார்த்திருக்கிறேன், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். அந்தத் திசுவில் பிளக்கும் செல்கள் சுருங்கிக் கறுத்துப்போய் எண்ணிக்கை குறைவாகத் தெரியும். பிஆர் சாயம் மங்கும். கிரேடு 3 ஆக வேண்டியது 2 ஆகிவிடும். டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் கண்ணுக்கு வந்தது அவ்வளவுதான்.

ஆகவே தம்பி, ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் 'கோல்ட் இஸ்கீமியா டைம்' (எடுத்ததிலிருந்து ஃபார்மலினில் போடும் வரை ஆன நேரம்), 'ஃபிக்ஸேஷன் டைம்' (ஃபார்மலினில் ஊறிய நேரம்) என்று இரண்டு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நல்ல லேப். இல்லையென்றால் போன் போட்டுக் கேளுங்கள், தப்பில்லை.

#4 வைகைக்கரை

மாமா, பார்த்துவிட்டேன். இஸ்கீமியா 35 நிமிடம், ஃபிக்ஸேஷன் 20 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். சரிதானே?

டாக்டர், அப்படியானால் அந்த 22 எங்கிருந்து வந்திருக்கும்?

#5 ஹெமட்டாக்சிலின்

அந்த நேரங்கள் நன்றாகவே இருக்கின்றன. அப்படியானால் எண்ணிய விதத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

கேஐ-67 கண்டுபிடித்தது ஜெர்மனியில், 1983இல். கீல் நகரத்தில் நடந்த ஆய்வு, தட்டில் 67ஆம் குழியிலிருந்த செல்கள். பெயர் அப்படி வந்ததுதான். முதலில் உறைய வைத்த திசுவில்தான் வேலை செய்தது. பாராஃபின் மெழுகில் பதித்த திசுவில் வேலை செய்யும் மிப்-1 என்ற எதிர்ப்பொருள் வந்த பிறகுதான் ஊரெங்கும் பரவியது. சாயம் போடுவது சுலபம். எண்ணுவதுதான் தகராறு. ஒரு கட்டியில் ஓரத்தில் 30 சதவீதம் இருக்கும், நடுவில் 5 இருக்கும். சாயம் அதிகமாக ஏறிய இடத்தை மட்டும் எண்ணுபவர் ஒரு எண் சொல்வார், நாலு பக்கமும் எண்ணிச் சராசரி எடுப்பவர் வேறு எண் சொல்வார். கண்மதிப்பில் போடுபவர்களும் உண்டு. ஒரே ஸ்லைடுக்கு இரண்டு பேர் 12 என்றும் 22 என்றும் சொன்னால் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இதற்கென்றே இருக்கும் பன்னாட்டு நிபுணர் குழு 2021இல் சொன்னது: உங்கள் அக்காவைப் போன்ற நோயாளிகளுக்கு, கேஐ-67 5 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் நம்பலாம், 30 அல்லது அதற்கு மேலே இருந்தாலும் நம்பலாம். நடுவில் வரும் எண்ணை வைத்து மட்டும் கீமோ முடிவு செய்யாதீர்கள். அக்கா சரியாக அந்த நடுவில்தான் இருக்கிறார். மரபணு டெஸ்ட் எடுக்கச் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

#6 சந்தேகப்பிராணி

நியாயம் இல்லாமல் என்ன, கமிஷன் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு முன் இந்த டெஸ்ட் எல்லாம் இருந்ததா? அப்போதும் ஆட்கள் பிழைத்தார்கள். இப்போது பயத்தைக் காட்டி ஒரு டெஸ்ட், அதைச் சரிபார்க்க இன்னொரு டெஸ்ட். கடைசியில் "நூற்றில் இத்தனை பேர்" என்று ஒரு காகிதம். நூற்றில் நாம் யார் என்று அது சொல்லுமா?

#7 கணக்குப்பிள்ளை (உயிரியல் புள்ளியியல், பெங்களூரு)

சொல்லாது. கடைசிக் கேள்வி மிகச் சரியான கேள்வி. ஆனால் முதல் பகுதி தலைகீழ்.

முப்பது வருடத்துக்கு முன் பிழைத்தவர்களில் பலர் தேவையே இல்லாத கீமோவையும் வாங்கிக்கொண்டு பிழைத்தவர்கள். கட்டி ஓர் அளவைத் தாண்டினால் கொடு, பெரும்பாலும் அவ்வளவுதான் அன்றைய அளவுகோல். அதில் யாருக்கு உண்மையில் தேவை என்று பிரிக்கத்தான் இந்த 21 மரபணு டெஸ்ட் வந்தது. ஆன்கோடைப் டிஎக்ஸ் என்று பெயர். 16 புற்றுநோய் மரபணுக்கள், ஒப்பிடுவதற்கு 5. திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியான பாராஃபின் பிளாக்கிலிருந்து ஆர்என்ஏ எடுத்து அளந்து, 0 முதல் 100 வரை ஒரு ஸ்கோர் கொடுக்கிறார்கள். 2004இல் வந்த முதல் பெரிய ஆய்வில் 668 பெண்கள். எல்லோரும் டாமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்கள், கணுக்களில் நோய் இல்லாதவர்கள். பத்து வருடத்தில் வேறு உறுப்புக்குப் பரவியது, குறைந்த ஸ்கோர்காரர்களில் 6.8 சதவீதம், அதிக ஸ்கோர்காரர்களில் 30.5 சதவீதம். மைக்ரோஸ்கோப்பில் ஏறக்குறைய ஒரே மாதிரித் தெரிந்த கட்டிகள் இவை என்பதை நினைவில் வையுங்கள்.

அது பழைய திசுவைத் தோண்டி எடுத்துச் செய்தது. அதை மட்டும் வைத்து கீமோவை நிறுத்த யாருக்கும் தைரியம் வராது. அதனால் டெய்லர்-எக்ஸ் என்ற ஆய்வை நடத்தினார்கள். 10,273 பெண்கள் பதிவானார்கள். ஸ்கோர் 11 முதல் 25 வரை வந்த 6,711 பேரை சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாத்திரை மட்டும், மறுபாதிக்குக் கீமோவும் மாத்திரையும். 2018இல் முடிவு. ஒன்பதாம் ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் மாத்திரைக் குழுவில் 93.9 சதவீதம், கீமோ குழுவில் 93.8 சதவீதம். (அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கென்று ஒரு தபால்தலை விற்றார்கள், அந்தக் காசில் கொஞ்சம் இந்த ஆய்வுக்குப் போனது. எனக்குப் பிடித்த செய்தி இது.)

கமிஷன் பேசுகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த டெஸ்டால் விற்பனை குறைந்தது கீமோவுக்கு.

இதில் ஒரு விலக்கு உண்டு. 50 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில் ஸ்கோர் 16 முதல் 25 வரை இருந்தவர்களுக்குக் கீமோவால் ஓரளவு நன்மை தெரிந்தது. நம் நாட்டில் மேலை நாடுகளைவிட இளம் வயதிலேயே இந்த நோய் வருகிறது. ஆகவே இந்த விலக்கு நமக்குப் பெரிய விஷயம். 56 வயதாகி, மாதவிடாய் நின்றுவிட்ட அக்காவுக்கு இது பொருந்தாது.

#8 வைகைக்கரை

அப்படியானால் அத்தானிடம் என்ன சொல்வது? அவர் கேட்பது கியாரண்டி.

#9 கணக்குப்பிள்ளை

கியாரண்டி என்ற பேச்சே இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, அக்காவுடையவை அல்ல.

ஒரே மாதிரி 100 பெண்கள். கீமோ இல்லாமல் 30 பேருக்கு நோய் திரும்பும் என்று வையுங்கள். கீமோ அதில் மூன்றில் ஒரு பங்கைத் தடுக்கிறது என்றால் 10 பேருக்கு லாபம். இப்போது வேறு 100 பெண்கள், இவர்களில் 6 பேருக்குத்தான் நோய் திரும்பும். அதே மூன்றில் ஒரு பங்கு என்றால் 2 பேருக்கு லாபம். மீதி 98 பேர் முடி கொட்டி, வாந்தி எடுத்து, நரம்பு மரத்துப்போய் ஒன்றும் பெறவில்லை. "கீமோ மூன்றில் ஒரு பங்கு ஆபத்தைக் குறைக்கும்" என்று மட்டும் சொன்னால் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மருந்துபோலத் தெரியும். தொடக்க ஆபத்து எவ்வளவு என்று தெரியாமல் எந்தச் சதவீதத்தையும் கேட்காதீர்கள்.

அந்த 2 பேரில் அக்கா இருப்பாரா என்பதை எந்த லேபும் சொல்லாது. 30 பேர் கூட்டத்தில் நிற்கிறாரா, 6 பேர் கூட்டத்தில் நிற்கிறாரா என்பதைச் சொல்லும். முடிவெடுக்க அது போதும்.

#10 தேம்ஸ்_தென்றல் (புற்றுநோய்ப் பிரிவு செவிலியர், லண்டன்)

இங்கே நடக்கும் முறையைச் சொல்கிறேன். பிரெடிக்ட் என்று கேம்பிரிட்ஜில் உருவாக்கிய ஒரு கணக்கீடு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. வயது, கட்டியின் அளவு, கிரேடு, கணுக்கள், ஈஆர், ஹெர்-2, கேஐ-67, கட்டி ஸ்கிரீனிங்கில் தெரிந்ததா கைக்குத் தட்டுப்பட்டதா என்றெல்லாம் கேட்கும். பிறகு மாத்திரையால் எத்தனை பேர் கூடுதலாகப் பிழைப்பார்கள், கீமோவால் எத்தனை பேர் என்று தனித்தனியாகப் படம் போட்டுக் காட்டும். டாக்டர்கள் நோயாளியைப் பக்கத்தில் உட்கார வைத்தே திரையில் காட்டுவார்கள். அதிலும் நடுவில் நிற்பவர்களுக்கு ஆன்கோடைப் போகும். எந்தச் சிகிச்சையை அரசு மருத்துவமனைகளில் தரலாம் என்று பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பு 2013இலேயே அதைப் பரிந்துரைத்துவிட்டது, அரசு செலவில்.

ஆனால் பிரெடிக்ட் இங்கிலாந்து நோயாளிகளின் பதிவேட்டிலிருந்து எழுந்தது. அக்காவின் எண்களை நீங்களே வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு இரவெல்லாம் விழித்திருக்காதீர்கள். டாக்டரோடு சேர்ந்து பாருங்கள்.

#11 மைக்ரோடோம்_மாமா

நம் ஊரில் லட்சம் கட்ட முடியாதவர்களுக்கு வழியே இல்லையா, டாக்டர்? அதையும் சொல்லிவிடுங்கள்.

#12 ஹெமட்டாக்சிலின்

இருக்கிறது. பெங்களூரில் உருவாக்கிய கேன்அசிஸ்ட் பிரெஸ்ட் என்று ஒன்று. மரபணு இல்லை, ஐந்து புரதங்களுக்குச் சாயம் போட்டு, அதோடு கட்டி அளவு, கிரேடு, கணுக்கள் மூன்றையும் சேர்த்துக் கணினி கணக்கிடும். குறைந்த ஆபத்து, அதிக ஆபத்து என்று இரண்டே விடை, நடுநிலை இல்லை. செலவு குறைவு. டெய்லர்-எக்ஸ் போல ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பார்த்த சான்று அதற்கு இல்லை. பெரும்பாலும் சேமித்து வைத்த பழைய திசுக்களில் சரிபார்த்தது. இதைத் தெரிந்துகொண்டு எடுத்தால் தவறில்லை.

இன்னொன்று முழுக்க இலவசம். பிட்ஸ்பர்க் நோயியல் மருத்துவர்கள் செய்த மேகீ சமன்பாடுகள். ரிப்போர்ட்டில் ஏற்கனவே இருக்கும் எண்களைப் போட்டால் ஆன்கோடைப் ஸ்கோர் ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று சொல்லும். மேகீ ஸ்கோர் 18க்குக் கீழே வந்தால், அல்லது 18 முதல் 25 வரை வந்து செல் பிளவு மதிப்பெண் 1 ஆக இருந்தால், உண்மையான டெஸ்டில் 25ஐத் தாண்டுவது அரிது என்று பார்த்திருக்கிறார்கள். அக்காவின் 1 எவ்வளவு விலை உயர்ந்தது என்று இப்போது புரிகிறதா? மாமா ஃபார்மலினைப் பற்றி இவ்வளவு சத்தம் போட்டது அதனால்தான். திசு கெட்டு வந்த 1 என்றால் மொத்தக் கணக்கும் வீண். அக்காவுக்கு 35 நிமிடம், ஆகவே அந்த 1ஐ நம்பலாம் என்று நினைக்கிறேன்.

ஆன்காலஜிஸ்டிடம் நேராகக் கேளுங்கள்: "டெஸ்ட் விடை எப்படி வந்தால் நீங்கள் சிகிச்சையை மாற்றுவீர்கள்?" எப்படி வந்தாலும் கீமோதான், அல்லது எப்படி வந்தாலும் மாத்திரைதான் என்றால் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம்.

#13 பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

எனக்கு ஒரு ஐமிச்சம். என்ர அம்மாவுக்கும் இதே மாதிரி ஈஆர் பாசிட்டிவ். மகரகம புற்றுநோய் ஆசுப்பத்திரியில வைத்தியம் செய்து, அஞ்சு வருசம் மாத்திரை குடிச்சு முடிச்சிட்டா. சொந்தக்காரர் எல்லாரும் "அஞ்சு வருசம் தாண்டினா இனிப் பயமில்லை" எண்டு சொல்லினம். கிளினிக்கில மட்டும் இன்னும் மாத்திரையைத் தொடரச் சொல்லினம். எது சரி?

#14 கணக்குப்பிள்ளை

கிளினிக்கில் சொன்னது சரி. ஐந்து வருடக் கணக்கு ஈஆர் நெகட்டிவ் நோய்க்கு ஓரளவு பொருந்தும், அங்கே திரும்ப வருவது பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளில். ஈஆர் பாசிட்டிவ் வேறு சுபாவம், மெதுவாக, நீண்ட காலம் கழித்தும் வரும். 2017இல் 88 ஆய்வுகளிலிருந்து 62,923 பெண்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். எல்லோரும் ஐந்து ஆண்டு மாத்திரை முடித்து, அதுவரை நோயில்லாமல் இருந்தவர்கள். அடுத்த 15 ஆண்டுகளில் வேறு உறுப்பில் நோய் வந்தது, கட்டி சிறியது, கணுக்கள் சுத்தம் என்றவர்களிலும் 13 சதவீதம். டி2 என்0 என்றால் 19.

இந்த எண்ணைப் பார்த்து அம்மாவைப் பயமுறுத்தாதீர்கள். 20 வருடக் கதை தெரிய வேண்டுமென்றால் 20 வருடத்துக்கு முன் சிகிச்சை பெற்றவர்களைத்தான் பார்க்க முடியும். அன்றைய மருந்துகள் இன்றையவற்றைவிடச் சாதாரணம். எந்த முன்கணிப்பும் பழைய சிகிச்சையின் நிழலில்தான் எழுதப்படுகிறது. இன்று சிகிச்சை பெறுகிறவர்களின் நிலை அதைவிட நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

#15 ஹெமட்டாக்சிலின்

அதற்கு ஹெர்-2ஐவிட நல்ல சாட்சி இல்லை. அந்த மரபணு பெருகியிருந்தால் நோய் சீக்கிரம் திரும்பும், ஆயுள் குறையும் என்று 1987இல் ஸ்லாமனும் கூட்டாளிகளும் காட்டினார்கள். ரிப்போர்ட்டில் ஹெர்-2 3+ (சாயம் மிக அழுத்தமாக ஏறியது) என்று வந்தால் அன்றைய டாக்டர்களுக்கு அது கெட்ட செய்தி, அவ்வளவுதான், செய்ய ஒன்றுமில்லை. 1998இல் ஹெர்-2ஐக் குறிவைக்கும் டிராஸ்டுஸுமாப் என்ற மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதே 3+ இப்போது "உங்களுக்கென்று குறிபார்த்து அடிக்கும் மருந்து இருக்கிறது" என்று பொருள். கட்டியின் சுபாவம் மாறவில்லை, சாயமும் அதேதான். அதனால்தான் 2+ வந்து குழப்பமாக இருந்தால் அந்த மரபணு பெருகியிருக்கிறதா என்று நேரடியாகப் பார்க்கும் ஃபிஷ் டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும் என்று நிற்கிறோம். மருந்து கிடைப்பதும் கிடைக்காததும் அதில் இருக்கிறது.

#16 கடலைமிட்டாய்

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். என் அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், இரண்டாம் ஸ்டேஜ், ஆபரேஷன் முடிந்தது. ரிப்போர்ட்டில் "9 கணுக்கள் பார்க்கப்பட்டன, நோய் இல்லை" என்கிறது. டாக்டர் முகம் சுளித்தார். நோய் இல்லை என்பது நல்ல செய்திதானே?

#17 மைக்ரோடோம்_மாமா

முகம் சுளித்தது 9க்கு. குறைந்தது 12 பார்க்க வேண்டும் என்பது விதி. தேடாத இடத்தில் இல்லை என்று எப்படிச் சொல்வது? கணுக்கள் குடலோடு ஒட்டிய கொழுப்புக்குள் கடுகு அளவில் கிடக்கும். திசுவை வெட்டிப் பார்க்கும் கிராஸிங் மேஜையில் விரலால் தடவித் தடவி எடுக்க வேண்டும். பொறுமை இருப்பவர் 20 எடுப்பார், அவசரக்காரர் 7 எடுப்பார். திசுவைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள், மீதியைக் கொஞ்ச நாள் டப்பாவில் வைத்திருப்பார்கள். உடனே போய் "இன்னும் கொஞ்சம் தேடிப் பாருங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

#18 ஹெமட்டாக்சிலின்

மாமா சொன்னதை இன்றே செய்யுங்கள். அதோடு எம்எம்ஆர் டெஸ்ட் எடுத்தார்களா பாருங்கள். எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்று நான்கு புரதங்களுக்குச் சாயம், எங்கும் செய்யக்கூடியது. டிஎன்ஏவில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்துபவை இவை. இவற்றில் ஒன்று காணாமல் போயிருந்தால் கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் இரண்டாம் ஸ்டேஜில் அது நல்ல அறிகுறி. நோய் திரும்புவது குறைவு, 5-எஃப்யூ என்ற மருந்தை மட்டும் கொடுக்கும் கீமோவால் பலனும் இல்லை. அதே விடைக்கு இன்னொரு முகமும் உண்டு: லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். அப்படியானால் நீங்களும் உடன்பிறந்தவர்களும் கொலோனோஸ்கோப்பி பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

#19 கணக்குப்பிள்ளை

இதே இரண்டாம் ஸ்டேஜ் குடல் நோய்க்கு ரத்தத்திலிருந்தும் ஒரு வழி திறக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகும் ரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏ மிதக்கிறதா என்று பார்ப்பது. ஆஸ்திரேலியாவில் டைனமிக் என்ற ஆய்வு, 455 பேர், 2022இல் வெளிவந்தது. ரத்த டெஸ்டை வைத்துத் தீர்மானித்த குழுவில் 15 சதவீதம் பேருக்கே கீமோ, வழக்கமான முறையில் 28 சதவீதம். இரண்டாம் ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 93.5, 92.4. கீமோ பாதியானது, தீங்கு தெரியவில்லை. நம் ஊரில் இன்னும் எட்டாத விலை. இருந்தாலும் தெரிந்திருக்கட்டும்.

#20 சந்தேகப்பிராணி

எல்லாம் படித்தேன். கமிஷன் பேச்சை விடுகிறேன், விலைப் பேச்சை விடமாட்டேன். அதோடு இப்போது ஸ்லைடை ஸ்கேன் செய்து ஏஐ பார்த்தே ஆயுளைச் சொல்லிவிடும் என்று விளம்பரம் வருகிறதே, டாக்டர் வேலைக்கு ஆபத்தா?

#21 ஹெமட்டாக்சிலின்

விலைப் பேச்சை விட வேண்டாம், நானும் உங்கள் பக்கம்தான்.

ஏஐ பற்றி: கேஐ-67 எண்ணுவது, செல் பிளவைத் தேடுவது போன்ற அலுப்பான வேலைகளில் அது எனக்கு உதவி. சலிக்காமல் எண்ணும். 2011இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு கணினி நிரலிடம் மார்பகக் கட்டிப் படங்களைக் கொடுத்துப் பார்த்தபோது, புற்றுநோய்ச் செல்களைச் சுற்றியிருக்கும் நார்த்திசுவின் அமைப்பும் ஆயுளோடு தொடர்புடையது என்று அது எடுத்துக் காட்டியது. நாங்கள் கிரேடு போடும்போது அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் மாமா சொன்ன பஸ் பயணத்தில் கெட்டுப்போன திசுவை ஸ்கேன் செய்தால், கெட்டுப்போன திசுவின் அழகான படம் கிடைக்கும். அவ்வளவுதான்.

#22 வைகைக்கரை

தாமதத்துக்கு மன்னிக்கவும். பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கி, சென்னையில் இன்னொரு நோயியல் மருத்துவரிடம் கொடுத்தோம். கிரேடு அதே 2, செல் பிளவு அதே 1. கேஐ-67 மட்டும் 13. முதல் லேபில் சாயம் அதிகமாக இருந்த இடத்தை எண்ணியிருக்கிறார்கள்.

டாக்டர் எழுதச் சொன்ன கேள்வியை ஆன்காலஜிஸ்டிடம் கேட்டேன். "25க்கு மேல் வந்தால் கீமோ, கீழே வந்தால் லெட்ரோசோல் மாத்திரை மட்டும்" என்று தெளிவாகச் சொன்னார். மேகீ கணக்கையும் அவரே போட்டுப் பார்த்தார், குறைவாகத்தான் வந்தது. "டெஸ்ட் இல்லாமலும் என்னால் மாத்திரைக்கு முடிவு சொல்ல முடியும், உங்களுக்கு மனது கேட்காது என்றால் எடுங்கள்" என்றார். அக்காவையே கேட்டோம். "அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரையைக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டார். அத்தானுக்கு இன்னும் மனது ஆறவில்லை. 100 பெண்கள் கணக்கைப் போட்டுக் காட்டினேன், "அந்த ரெண்டு பேர்ல இவ இருந்தா?" என்கிறார். பதில் இல்லை. லெட்ரோசோல் ஆரம்பித்தாயிற்று, எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

#23 மைக்ரோடோம்_மாமா

பிளாக்கைத் தொலைக்காதீர்கள் தம்பி. பிளாக் திரும்ப வந்துவிட்டதா? வெயில் படாத, சூடு இல்லாத இடத்தில் வையுங்கள், பாராஃபின் உருகும். பின்னால் எந்தப் புது டெஸ்ட் வந்தாலும் அதிலிருந்துதான் வெட்டுவார்கள். சும்மா கேட்டார்கள் என்று முன்கூட்டியே ஸ்லைடு ஸ்லைடாக வெட்டி வைக்க விடாதீர்கள், வெட்டி வைத்தது நாள்பட்டால் சாயம் ஏறாது.

#24 கடலைமிட்டாய்

மறுபடி தேடியதில் இன்னும் 6 கணுக்கள் கிடைத்தன, மொத்தம் 15, எதிலும் நோய் இல்லை. எம்எம்ஆர் அனுப்பியிருக்கிறார்கள். மாமாவுக்கு நன்றி.

#25 புதுவைக்காற்று

என் சித்தப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய், கிளீசன் ஸ்கோர் 7 என்று வந்திருக்கிறது. இங்கேயே கேட்கலாமா?

#26 ஹெமட்டாக்சிலின்

தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். எழுதும்போது 7 என்று மட்டும் போடாதீர்கள், 3+4ஆ 4+3ஆ என்று பார்த்துப் போடுங்கள். முதல் எண் கட்டியில் அதிகம் இருக்கும் வகை, இரண்டாவது அதற்கு அடுத்தது. 3+4 கிரேடு குரூப் 2, 4+3 கிரேடு குரூப் 3. பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனையின் அளவும், எத்தனை ஊசித் துண்டுகளில் நோய் இருந்தது என்பதும் வேண்டும்.